கரிசல் மண்ணிலிருந்து கருங்கல் பிளவுக்கு

வெள்ளிக்கிழமை, கான்பெரா

ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்கு வருகிறவர்கள் உச்சியில் நிற்கும் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் தங்கை மகளும் விளக்குகளைப் பார்த்தபடி கட்டடத்தைச் சுற்றி வந்தோம். காவலர் ஒருவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். போகாங் அந்துப்பூச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டு, "மூன்று மாதம் தாமதமாக வந்திருக்கிறீர்கள்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். 1988இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் குன்றின்மேல், வெள்ளமாக விளக்கொளி பாய்ச்சப்பட்டு நிற்கிறது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வடக்குச் சமவெளியிலிருந்து தெற்கு மலைகளுக்குப் பறந்துபோகும் போகாங் கூட்டத்துக்குக் கான்பெரா வழியில் இருக்கிறது. வெளிச்சத்தைக் கண்டதும் பாதி வழியில் இறங்கிவிடும். நல்ல ஆண்டுகளில் சுவர், கதவிடுக்கு, காற்றுக்குழாய் என்று ஓரிடம் மிச்சமில்லாமல் அப்பிக்கொள்ளும். துப்புரவுப் பணியாளர்கள் வாரிக் கொட்டுவார்கள். 2000இல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடிக்கொண்டிருந்த பாடகியின் உடையில் ஒன்று வந்து உட்கார்ந்து, உலகத் தொலைக்காட்சியில் முகம் காட்டிவிட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மகள் ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். அக்டோபரில் சன்னல் திண்டில் செத்துக் கிடந்ததைப் பஞ்சில் வைத்துப் பாதுகாத்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரித்தால் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாத இறக்கைகள், காய்ந்த இலையின் பழுப்பு. முன்னிறக்கையில் அம்பு ஒன்று வரைந்த மாதிரி கருங்கோடு; அதன் மேல் வெளிறிய புள்ளிகள் இரண்டு, ஒன்று வட்டமாக, மற்றது அவரைவிதை வடிவில். விரல் பட்ட இடத்தில் செதில் தூளாக ஒட்டியது. அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மாமா, இது ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கும்" என்றாள்.

இதன் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் தெற்குக் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் மேற்கு, விக்டோரியாவின் மேற்கு ஆகிய சமவெளிகளில் புழுவாக மண்ணுக்குள் வளர்கிறது. வசந்தத்தில் இறக்கை முளைத்ததும் இரவோடு இரவாகக் கிளம்பி, பல நாள் பறந்து, ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலையின் குகைகளையும் பாறை இடுக்குகளையும் அடைகிறது. கோடை முழுவதும் அங்கே உறக்கம். பிப்ரவரியிலிருந்து கீழே இறங்கத் தொடங்கி, பிறந்த சமவெளிக்கே திரும்பி, இணைசேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகிறது. போவதற்கு ஒரு தடவை, வருவதற்கு ஒரு தடவை. வழி தெரிந்த மூத்தவர் யாரும் கூட வருவதில்லை; அவர்கள் எல்லாரும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள்.

நான் வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பூச்சி என்றால் எந்தப் பயிரைத் தின்னும் என்று கேட்டே பழகியவன். அந்தக் கேள்விக்கும் இந்தப் பயணத்தின் கடைசியில் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை, ஜிண்டபைன்

காலையில் மாப்பிள்ளை காரை எடுத்தார். பின்னால் தயிர்சாதமும் மாவடுவும். கான்பெராவை விட்டுத் தெற்கே இறங்கியதும் மொனாரோ மேட்டுநிலம். மைல் கணக்கில் மரமே இல்லாத மஞ்சள் புல், நடுநடுவே ஆடுகள். கூமாவில் காபி குடித்தோம். சொல்லும்படியாக இல்லை.

ஜிண்டபைன் ஏரிக்கரையில் தங்கல். நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது இருப்பது மேட்டில் புதிதாகக் கட்டியது. இது ஙாரிகோ மக்களின் நிலம். அவர்களும் சுற்றியிருந்த மற்றப் பழங்குடிகளும் கோடைதோறும் மலையேறி போகாங் விருந்துக்குக் கூடுவார்களாம். பாறை இடுக்கில் புகை போட்டோ வலை பிடித்தோ பூச்சிகளைத் திரட்டி, சுடுசாம்பலில் வாட்டினால் இறக்கையும் காலும் கருகி உதிர்ந்துவிடும். புடைத்துச் சலித்து, மிஞ்சிய கொழுத்த உடலை அப்படியே தின்பார்கள். அல்லது அரைத்து அடையாகத் தட்டி வைத்துக்கொள்வார்கள். கொட்டைப்பருப்பின் சுவை என்று தின்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும்போது அந்த மக்களின் மேனி மினுமினுப்பாக இருந்ததாக 19ஆம் நூற்றாண்டு வெள்ளையர்கள் குறித்திருக்கிறார்கள். உணவுக்கு மட்டுமா கூடினார்கள்? திருமணப் பேச்சு, வழக்குத் தீர்ப்பு, பண்டமாற்று, சடங்கு எல்லாம் அங்கேதான். மலைக்குத் தெற்கே குனைகுர்னை மக்களின் நிலத்தில் உள்ள கிளாக்ஸ் குகையில் 2019இல் தோண்டியபோது ஓர் அரைகல் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்தவை போகாங்கின் எச்சங்கள். வயது ஏறத்தாழ 2,000 ஆண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிக்கரையில் விளக்கில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். தென்சிலுவை இன்னும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியாக மேலேறிப் போகிறது பால்வீதி.

எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது வெகுநாள் புதிர். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரண்டின் குழு இதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பூமியின் காந்தப்புலத்தை இப்பூச்சி உணர்கிறது என்று 2018இல் காட்டினார்கள். 2025 ஜூனில் வந்தது அடுத்தது. பிடித்த பூச்சியின் முதுகில் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி, எந்தப் பக்கமும் திரும்பிப் பறக்க முடிகிற மாதிரி ஒரு சிறு அரங்கில் மாட்டினார்கள். சுற்றிலும் மின்சுருள் வைத்துக் காந்தப்புலத்தை இல்லாமல் ஆக்கினார்கள். மேலே அந்த இரவின் வானத்தையே ஒளியாகப் பாய்ச்சினார்கள். வசந்தத்தில் பிடித்தவை தெற்கே பறந்தன. இலையுதிர்காலத்தில் பிடித்தவை வடக்கே. வானத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் பூச்சியும் திரும்பிக்கொண்டது. விண்மீன்களைக் கண்டபடி கலைத்துப் போட்டபோது திசைகெட்டுத் தடுமாறியது. தொலைதூரப் பயணத்துக்கு விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்ளும் முதுகெலும்பற்ற உயிர் என்று இதுவரை நிரூபணமானது இது ஒன்றுதான்.

"அரிசிமணி அளவுகூட இல்லாத மூளை, மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அவர் கணினிக்காரர், இந்தச் செய்தி அவரை என்னைவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது. படுக்கப் போகும்வரை புலம்பிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, த்ரெட்போ

பனிக்காலத்தில் சறுக்க வருகிறவர்களுக்காகப் போட்ட திறந்த நாற்காலி ரோப்கார் கோடையிலும் ஓடுகிறது. டிக்கெட் விலையைக் கேட்டால் நடந்தே ஏறிவிடலாம் என்று தோன்றும். செங்குத்தைப் பார்த்தால் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுத்தோம். இறங்கிய இடத்திலிருந்து கோசியஸ்கோ சிகரத்துக்கு ஆறரை கிலோமீட்டர், பெரும்பகுதி இரும்புவலைப் பாதை. செடிகளை மிதிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. முழங்காலுக்கு இதமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வெள்ளி இலைப் பனிச்சாமந்தி பூத்துக் கிடந்தது. 2,228 மீட்டர், இந்தக் கண்டத்தின் உச்சி. நம்முடைய தொட்டபெட்டா இதைவிட 400 மீட்டர் உயரம் என்று தங்கை மகளிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிகரத்தைவிட என் கண்ணில் பட்டது அண்டங்காக்கைகள்தான். சரிவில் குவிந்து கிடக்கும் கருங்கல் பாறைகளில் அங்கங்கே அமர்ந்து, இடுக்குக்குள் தலையை விட்டு எதையோ கொத்திக்கொண்டிருந்தன. உள்ளே போகாங் இருக்கிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். காக்கைக்கும் நரிக்கும் இது கோடைக்கால விருந்து.

இந்தப் பாறைக் குவியல்களில் இன்னோர் உயிரும் உண்டு. மலைக் குட்டிப் பாஸம் என்று அழைக்கலாம். கங்காரு மாதிரி பையில் குட்டியை வளர்க்கும் சுண்டெலி அளவு விலங்கு, எடை 45 கிராம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதைபடிவமாகக் கிடைத்து, அழிந்த இனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1966இல் விக்டோரியாவில் ஹோத்தம் மலையின் பனிச்சறுக்கு விடுதி ஒன்றுக்குள் உயிரோடு ஓடியது! பனிக்கடியில் மாதக்கணக்கில் உறங்கி, வசந்தத்தில் பசியோடு எழும்போது அதற்கு எதிரே வந்து இறங்க வேண்டியது போகாங். 2017இலும் 2018இலும் இறங்கவில்லை. சமவெளியில் கடும் வறட்சி. பெருங்கூட்டம் அடைந்திருந்த சில குகைகளில் ஒரு பூச்சிகூட இல்லாமல் போயிற்று. விக்டோரியாவில் பாஸத்தின் பைக்குள்ளேயே குட்டிகள் பட்டினியால் செத்தன. விக்டோரியா விலங்குக்காட்சிச் சாலையினர் போகாங்குக்கு மாற்றாகச் சத்துப் பிஸ்கட் ஒன்றைத் தயாரித்தார்கள். ஜன்னல் விளக்குகளை அணைக்கச் சொல்லி ஓர் இயக்கமும் தொடங்கினார்கள். 2021 டிசம்பரில் போகாங் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 200 கோடி மலையேறியதாக ஒரு மதிப்பீடு, 400 கோடிக்கும் மேல் என்று இன்னொன்று. அப்படிப்பட்டது!

பட்டியலில் ஏறிய பிறகு ஓரளவு திரும்பி வந்திருக்கிறது. எந்த அளவுக்கு என்பதை நாளை மாலை பார்க்கப் போகிறோம். மாப்பிள்ளையின் அலுவலகத் தோழியின் கணவர் சூழலியல் ஆய்வாளர். இடத்தை எழுதமாட்டேன், படம் போடமாட்டேன் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார்.

திங்கட்கிழமை, மலைமேல்

பாதையை விட்டு விலகி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடை. பனியூகலிப்டஸ் மரங்கள் முடிந்து, புல்லும் பாறையும் மட்டும் எஞ்சிய உயரம். யானையளவு கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. அவற்றின் இடையே ஒரு பிளவு; ஆள் பக்கவாட்டில் நுழையலாம். சிவப்பு விளக்கு மட்டும், பேச்சு கூடாது, சுவரைத் தொடக்கூடாது. பிளவின் உள்ளே மனிதக் கை படாத இடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டே ஆய்வாளர் அழைத்துப் போனார். ஙாரிகோ மூதாதையர் இங்கே வந்து போனவர்கள்.

முதலில் மூக்குக்குத் தெரிந்தது. எண்ணெய்ச் சிக்கும் மக்கிய இலையும் கலந்த ஒரு கனத்த வாடை. காலடியில் கல் இல்லை, மெத்தென்று நசுங்கியது. பல கோடைகளில் செத்து விழுந்த பூச்சிகளும் எச்சமும் படிந்த அடுக்கு. அதற்குள் வாழும் ஒட்டுண்ணி நூற்புழுக்கள் மேலேறி உயிருள்ள போகாங்கின் உடலுக்குள் புகுந்து வளர்கின்றன என்றார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படியொரு குகையின் வாயிலில் புல்லெல்லாம் கருகிப்போயிற்றாம். சோதித்தால் ஆர்செனிக். சமவெளியின் மண்ணிலிருந்து ஒவ்வொரு பூச்சியும் துளித் துளியாக வயிற்றில் சுமந்து வந்ததை மழை கழுவி வெளியே விட்டிருக்கிறது.

சிவப்பு விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கல் என்று நான் நினைத்தது கல் இல்லை. ஒரு பூச்சியின் இறக்கைக்குக் கீழே அடுத்த பூச்சி தலையைச் செருகிக்கொண்டு, அதன் இறக்கைக்குக் கீழே இன்னொன்று, எங்கள் ஊர் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. முதலில் வந்து சேர்கிறவை மிக இருண்ட மூலையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வருகிறவை அவற்றின் விளிம்பிலிருந்து அடுக்கைத் தொடரும். முன்காலால் மேலிருப்பதன் இறக்கையைத் தூக்கித் தலையை உள்ளே நுழைத்துக்கொள்வதால் எல்லாவற்றின் கண்ணுக்கும் இருட்டு. ஆஸ்திரேலிய அறிவியல் அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவில் இருந்த ஐயன் காமன் 1950களில் கான்பெராவுக்கு அருகே ஜின்ஜெரா மலையில் இவற்றை ஆராய்ந்தார். ஒரு சதுர மீட்டரில் 17,000 என்று அவர் போட்ட கணக்கைத்தான் இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறார்கள். இங்கே அந்த நெருக்கம் ஒரு மூலையில்தான். மற்ற இடங்களில் திட்டுத்திட்டாகப் பாறை தெரிந்தது. முன்பு அதெல்லாம் மூடியிருக்கும் என்று விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார்.

மூச்சைச் சற்று வேகமாக விட்டுவிட்டேன். முகத்துக்கு எதிரே இருந்த வரிசையில் ஓர் அசைவு எழுந்து, ஒரு முழம் தூரம் போய் அடங்கியது. தொப்பியில் ஒன்று விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். தீப்பெட்டிக்குள் இருந்ததைவிட வயிறு உப்பியிருந்தது. மலைக்கு வரும்போதே உடலில் சேர்த்துக்கொண்ட கொழுப்புதான் கோடை முழுவதற்கும் சாப்பாடு. இணைசேர்க்கை, முட்டை எதுவும் இங்கே கிடையாது. அதற்கான உறுப்புகள் முதிர்வதே கீழே திரும்பிப் போகும் நேரத்தில்தான்.

இருட்டத் தொடங்கியதும் வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தோம். பிளவிலிருந்து ஒன்றிரண்டாக, பிறகு கொத்தாகப் பூச்சிகள் வெளிவந்து தலைக்கு மேலே சுற்றின. எங்கேயும் போகவில்லை. அரை மணி நேரம் போல அலைந்துவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தன. எதற்காக இந்த மாலை உலா என்று கேட்டேன். "எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும்" என்றார்.

புதன்கிழமை, ரயிலில்

கான்பெராவிலிருந்து சிட்னிக்குப் பஸ், சிட்னியிலிருந்து வடக்குச் சமவெளியில் இருக்கும் நாரப்ரைக்கு ரயில். மாப்பிள்ளைக்கு விடுப்பு முடிந்துவிட்டது. தங்கை மகள் மட்டும் பள்ளி விடுமுறை என்று என்னோடு ஒட்டிக்கொண்டாள். வெரிஸ் கிரீக் நிலையத்தில் ரயிலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஆர்மிடேலுக்கும் மறுபாதியை மோரிக்கும் அனுப்புகிறார்கள். சரியான பாதியில் இருக்கிறோமா என்று பக்கத்தில் இருந்த பாட்டியிடம் நான் கேட்டுத் தொலைத்துவிட்டேன். நாரப்ரை வரை தன் பேரப்பிள்ளைகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூச்சிகள் வந்த வழியில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது போனால் ஒன்றும் இருக்காது, எல்லாம் மலையில் இருக்கின்றன என்று தங்கை மகள் எச்சரித்தாள். பூச்சிக்காக நான் வரவில்லை. மண்ணைப் பார்க்க வந்தேன்.

வியாழக்கிழமை, நாரப்ரை

காலை எட்டு மணிக்கே சுடுகிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் என்னோடு படித்தவன் இங்கே பருத்தி விவசாயிகளுக்கு ஆலோசகன். கூட்டிப்போன வயலில் இறங்கியதும் குனிந்து ஒரு கட்டியை எடுத்தேன். கறுப்பு. காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்தது. கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவனுக்கு இதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பருத்தி வேறு நிற்கிறது. மழை வந்தால் உப்பி மூடிக்கொள்ளும், காய்ந்தால் வாய் பிளக்கும். அந்தப் பொலபொலப்புக்குள்தான் போகாங் புழு பகலெல்லாம் சுருண்டு கிடக்கிறது. இரவில் மேலே வந்து நாற்றைத் தரையோடு சேர்த்து அறுக்கிறது.

"இது நம் வெட்டுப்புழுதானே?" என்றேன்.

"அதன் பங்காளி. அங்கே அக்ரோடிஸ் இப்சிலான், இங்கே அக்ரோடிஸ் இன்ஃபியூசா."

நீலகிரியில் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் அந்தப் பங்காளியைத் தேடி நான் தண்டைச் சுற்றி மண்ணைக் கிளறாத நாள் இல்லை. மலைமேல் யாத்திரைப் பூச்சி, கீழே வெட்டுப்புழு. மலைமேல் நான் சந்தித்த எல்லாரும் இதன் பெயரைப் பாசத்தோடு சொன்னார்கள். இங்கே பெட்ரோல் நிலையத்தில் கேட்டபோது, முளைப்பயிரை நாசம் செய்யும் புழுவா என்றார் ஒருவர்.

ஏன் குறைந்தது என்று நண்பனிடம் கேட்டேன். அவன் வறட்சியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. "ஒரு தாய்ப்பூச்சி 2,000 முட்டை வரை இடும். இலையுதிர்காலத்தில் இரண்டு நல்ல மழை பெய்தால் போதும், தலையெடுத்துவிடும். ஆனால் புழு விரும்பித் தின்பது அகன்ற இலைக் களை. முன்பெல்லாம் தரிசு என்றால் களை மண்டிக் கிடக்கும். இப்போது உழவே இல்லை, அறுத்த தாளை விட்டுவிட்டுக் களைக்கொல்லி அடித்துவிடுகிறோம். மண் அரிப்பு இல்லை, ஈரம் நிற்கிறது. விவசாயிக்கு நல்லது. புழு எதைத் தின்னும்?"

"அப்படியானால் களையை விட்டுவைக்கச் சொல்வாயா?"

"சொன்னால் எனக்கு வேலை போய்விடும்" என்று சிரித்தான். பிறகு, சிரிப்பில்லாமல், ஓடைக்கரையிலும் சாலையோரத்திலும் விட்டுவைக்கலாம், அதைச் சிலரிடம் சொல்லியும் பார்த்திருக்கிறேன் என்றான். ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

அவருடைய பண்ணைக்குப் போனோம். வேலிக்கு வெளியே பத்தடி அகலத்தில் காய்ந்த களைத் தண்டுகள் நின்றன. ஏப்ரலில் மழை பெய்தால் அதில் மறுபடி முளை வரும். தங்கை மகள் அவரிடம் இரவில் முற்றத்து விளக்கை அணைத்து வைப்பீர்களா என்று கேட்டாள். கான்பெராவில் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வீடு 14 கிலோமீட்டரில் இருக்கிறது, அங்கேயும் கிழவர் ஏழு மணிக்குப் படுத்துவிடுவார் என்றார்.